கீழ்த்தட்டில் வைத்த மெழுகுவர்த்தி

பல்கேரியா எங்கே இருக்கிறது என்று அபுதாபி பக்கம் எங்கள் ருவைஸ் கேம்பில் ஒருவனுக்கும் தெரியாது. அதன் தலைநகரம் சோஃபியாவுக்குக் கம்பெனி என்னை அனுப்புகிறது என்றதும் மெஸ்ஸில் ஒரே சிரிப்பு. "லண்டன் கெடையாதா, பாரிஸ் கெடையாதா? போயும் போயும் பொம்பளப் பேரு வச்ச ஊருக்கா அனுப்புறானுங்க?" ரிஃபைனரிக்கு வாங்கும் பம்புகளை அங்கே ஃபேக்டரியிலேயே ஓட்டிப் பார்த்து வர வேண்டும். நான் ஃபிட்டர் ஃபோர்மேன், புதுக்கோட்டைப் பக்கம். என்னோடு ஒரு கோயம்புத்தூர் என்ஜினியர் வந்தார்.

ஊரில் அக்காவுக்குத்தான் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். வெள்ளிக்கிழமை தோறும் போனில், "அங்க என்னடா பாத்தே?" என்பாள். "மணலும் பைப்பும்" என்பேன். சர்க்கரையில் கால் வீங்கி வீட்டோடு கிடந்தவள், இந்த முறை கறாராகச் சொன்னாள். "வேலைய மட்டும் பாத்துட்டு ஓடியாந்துராத. ஊரச் சுத்திப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு. நான் எங்க போயிப் பாக்கப் போறேன்?"

வேலை முடிந்து, திங்கட்கிழமை விமானம். நடுவில் ஞாயிறு சும்மா இருந்தது. அன்று காலை என்ஜினியரின் மொபைலில் அத்தான் கூப்பிட்டார். வீட்டில் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். "அக்காவுக்கு ரொம்ப முடியல மாப்ள. தஞ்சாவூர் ஆஸ்பத்திரில சேத்துருக்கு. கெளம்பி வந்துரு." குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. கல்ஃபில் இருப்பவனுக்குச் சாவை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கிடக்கிறவன் ஏதாவது பண்ணிக்கொள்வானோ என்று பயம். முடியவில்லை, வா என்பார்கள். கேம்பில் நாங்களும் 'இப்ப எப்படி இருக்கு' என்று கேட்க மாட்டோம். பெட்டி கட்டிக் கொடுப்போம், ஆபீஸில் பாஸ்போர்ட்டுக்குப் போய் நிற்போம், அவனும் தெரியாத மாதிரியே ஏர்போர்ட்டுக்குப் போவான். திருப்பிப் போன் போட்டு நோண்டுவது மரியாதை இல்லை. பொய் சொல்கிறவர்களும் மனுஷர்கள்தானே. எத்தனை பேரை நானே இப்படி வழியனுப்பியிருக்கிறேன்!

"ஒரு தடவ கூப்ட்டுத்தான் பாருங்களேன்" என்றார் என்ஜினியர். குடும்பத்தோடு ஃப்ளாட்டில் இருக்கிறவர். அவருக்கு எங்கள் பழக்கம் என்ன தெரியும்? "எல்லாம் கலாஸ் சார், முடிஞ்சு போச்சு. சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். திங்கட்கிழமைக்கு முந்தைய விமானம் எதிலும் இடம் இல்லை. "ரூம்லயே உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சுரும், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

அக்கா பார்க்கச் சொன்ன ஊரைப் பார்த்தேன். மஞ்சள் கல் பாவிய தெரு. தடதடவென்று ஓடும் பழைய டிராம். தெரு முடிகிற இடத்தில் பனி மூடிய மலை. ஓரிடத்தில் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரைக் குழாய் போட்டு விட்டிருந்தார்கள், சனங்கள் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதைக் கேட்டிருந்தால் "வெறகு மிச்சம்டா" என்று சிரித்திருப்பாள். சொல்வதற்கு இனி ஆள் இல்லையே என்று நினைத்த மாத்திரத்தில் நடுத்தெருவில் நின்று அழுதேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கக் கூரை வேய்ந்த ஒரு தேவாலயம். உள்ளே மெழுகுவர்த்தி விற்ற கிழவி என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு கையால் ஜாடை காட்டினாள். மேல்தட்டைக் காட்டி நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்தாள். கீழே மணல் பரப்பிய தட்டைக் காட்டிக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். மேலே உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழே போய்ச் சேர்ந்தவர்களுக்கு. நான் குனிந்து கீழ்த்தட்டில் ஏற்றி வைத்தேன். "நல்லபடியாப் போய்ச் சேரு அக்கா" என்று வாய்விட்டே சொன்னேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தபோது என்ஜினியரின் மொபைல் அடித்தது.

"இந்தியா நம்பர்ங்க."

"எடுக்காதீங்க சார். அழுகைய அடக்கிக்கிட்டுப் பொய் சொல்லணும், பாவம்."

அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். விட்டுவிட்டோம்.

அபுதாபி போய், லீவு வாங்கி, ஊர் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல். ஐஸ் பெட்டிக்குள் அக்கா. எனக்கு அதிர்ச்சியே இல்லை, அழ வேண்டியதையெல்லாம் சோஃபியாவிலேயே அழுது தீர்த்திருந்தேன். அக்கா மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"ஏன் மாமா போன எடுக்கல? ஞாயித்துக்கெழம பூரா அம்மா நல்ல நெனவோடதான் இருந்துச்சு. 'தம்பி ஊரச் சுத்திப் பாத்துருப்பான், போனப் போடுடி, கேப்போம்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. திங்கக்கெழம விடியக்காலந்தான் போச்சு."

எனக்கு வெறி வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அத்தானின் சட்டையைப் பிடித்தேன். "அக்கா உசுரோட இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அத்தான்?"

அவர் கையை விலக்கக்கூட இல்லை. "நான் எங்க மாப்ள பொய் சொன்னேன்? முடியலன்னேன். முடியாமத்தான கெடந்தா."