ஒரே பஸ்ஸில் மூன்று தரம் ஏறினேன்

போன வெள்ளிக்கிழமை ஒரே பஸ்ஸில் மூன்று தரம் ஏறினேன். பயணம் என்னவோ ஒன்றுதான்.

வயது போய்விட்டது, மனுசிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சொல்லி முடித்த பிறகு நினையுங்கள்.

நயினாதீவு அம்மாளைக் கும்பிட்டுவிட்டுப் பின்னேரம் லோஞ்சுப் படகில் குறிகாட்டுவானுக்குத் திரும்பி வந்தேன். சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. அந்தச் சின்னத் தூரத்துக்கே வயிற்றைப் பிரட்டிப் போட்டது. தலையெல்லாம் உப்புத் தண்ணீர். கையில் கோரைப் புல்லால் பின்னிய ஒரு பன்பை, அதற்குள் விபூதியும் தேங்காய்ப் பாதியும். இறங்குதுறையில் யாழ்ப்பாணத்துக்குக் கடைசி பஸ் நின்றது.

கடைசி பஸ் என்றால் முந்தி ராச்சாப்பாட்டு நேரத்துக்குப் போகிற பஸ். இப்போது பொழுது சாயவே கடைசி பஸ் வந்துவிடுகிறது. காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டுப்பட்ட பிறகு, பட்டணத்து வாசலில் ஆமி நிற்கிற பண்ணைப் பாலத்தால் பஸ்ஸைக் கொண்டுபோக எந்த றைவருக்கு மனம் வரும்?

பஸ்ஸடியில் ஒரு பொடியன் நின்றான். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். புதுக் காற்சட்டை... மடிப்புக் கலையவில்லை. புதுச் சப்பாத்து. துறையின் நுனிவரை போவதும், கடலைப் பார்ப்பதும், திரும்பி வந்து பஸ்ஸைப் பார்ப்பதுமாக இருந்தான். சப்பாத்து கடித்திருக்க வேண்டும், கெந்திக் கெந்தித்தான் நடந்தான்.

எனக்கு விசாரிக்க ஆசை. ஆனால் என் குணம் உங்களுக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கிழமைக்குக் கிழமை இவ்வளவு கதைக்கிறவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன். பஸ்ஸில் ‘இறக்கம்’ என்று கூப்பிடவே நாக்கு எழும்பாது. நான் இறங்க வேண்டிய வங்களாவடியில் வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு நானும் இறங்குவேன். இறங்காவிட்டால்? அடுத்த சந்தியில் இறங்கித் திரும்பி நடப்பேன்.

நல்ல காலம், கருவாடு விற்கிற ராசம்மா நின்றாள். அவளுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

“என்ன தம்பி, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?”

“அம்மாவை, அக்கா. நெடுந்தீவு லோஞ்சிலை வாறா.”

“அது ரண்டு நாளா ஓடேல்லையே!”

“இண்டைக்குக் காலமை ஓடினது. அம்மாவுக்கு முந்தநாளே தந்தி அடிச்சிட்டன். நானும் போயிருப்பன்... திரும்பி வர ஏலாமப் போனால் எண்டு பயந்து நிண்டிட்டன்.”

“போனால்தான் என்ன? கொம்மாவோடை ரண்டு நாள் இருந்திட்டு வாறது.”

“நாளைக்கு விடியக் கொழும்பு ரெயின் அக்கா. பிறகு... ஜேர்மனி.”

ராசம்மா துருவித் துருவிக் கேட்டாள். எந்த வீட்டில்தான் இந்தக் கதை இல்லை இப்போது? வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் முந்தநாள்தான் பயண நாளைச் சொன்னானாம். வீட்டுக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வரக் கடல் விடவில்லை. மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண் பிள்ளை. தாய் இந்த லோஞ்சில் வந்தால், இரண்டு பேரும் இந்தப் பஸ்ஸில் ஒன்றாகப் பட்டணம் போகலாம். ஒரு ராத்திரி ஒன்றாக இருக்கலாம். பஸ்ஸை விட்டால் அவனுக்கு ரெயின் தவறும். தாய்க்காக நிற்காமல் போனால்... மற்றதை நான் எழுதவில்லை.

றைவர் செல்லத்துரை ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். பொடியன் ஓடிப் போய் யன்னலைப் பிடித்தான்.

“அண்ணை, அந்தா லோஞ்சு தெரியுது! கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை!”

உண்மைதான். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அலைக்குள் விழுந்தும் எழும்பியும் வந்துகொண்டிருந்தது.

“தெரியுது தம்பி. தெரியிறது வேறை, வந்து கட்டுறது வேறை. உம்மடை அம்மா வாறா எண்டு எனக்கு விளங்குது. பண்ணையிலை துவக்கோடை நிக்கிறவைக்கு விளங்குமோ? பஸ் நிறையச் சனம். இருட்டினால் ஆர் பொறுப்பு? ஏறும்.”

செல்லத்துரை பொல்லாதவர் இல்லை. அவர் சொன்னதிலும் பிழை இல்லை. பொடியன் ஏறாமல் அப்படியே நின்றான். பஸ்ஸுக்குள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பயம் எல்லாருக்கும் உண்டுதானே?

இந்த இடத்தில் எங்கள் தீவுப் பஸ்ஸின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வயது போனவர்கள் ஏறி, உட்கார்ந்து, கம்பியைப் பிடித்த பிறகுதான் பஸ் புறப்படும். கொண்டக்டர் யோகன் பின்னாலிருந்து, “ஆச்சி இருந்திட்டாவோ?” என்று கேட்பான். “ஓம், இருந்திட்டா” என்று யாராவது சொன்னால்தான் பெல் அடிப்பான். எனக்குப் பிள்ளையே இல்லை, பேரப்பிள்ளைக்கு எங்கே போவது? ஆனாலும் அந்தப் பஸ்ஸுக்குள் ஏறினால் அத்தனை பேருக்கும் நான் ஆச்சி.

நான் மிதிபலகையில் கால் வைத்தேன். மெல்ல. எவ்வளவு மெல்லவாக முடியுமோ அவ்வளவு மெல்ல. போய் ராசம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“ஆச்சி இருந்திட்டாவோ?”

எழும்பிவிட்டேன்.

“தம்பி... என்ரை பை...”

“என்ன பை ஆச்சி?”

“தேத்தண்ணிக் கடை வாங்கிலை விட்டிட்டன்.”

“கையிலை கிடக்கிறது என்னெணை?”

குனிந்து பார்த்தேன். பாழ்பட்ட பன்பை கையில்தான் தொங்கியது! பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் பொய் சொன்னால் இப்படித்தான்.

“இது இல்லை... மற்றது,” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

தேத்தண்ணிக் கடைக்குப் போய், வாங்குப் பலகைக்கு மேலே தேடி, கீழே குனிந்து தேடி, இல்லாத பையைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வந்து ஏறினேன். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன் ஸீற்றில் ஒரு பென்ஷன் மாஸ்ரர், குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு இருந்தார்.

“என்ன காணும் யோகன், ஏறுறதும் இறங்குறதும்! இது பஸ்ஸோ ஊஞ்சலோ?”

நான் ஸீற்றில் உட்காரவில்லை. அவருடைய சத்தத்துக்கு வயிறு உண்மையாகவே பிரட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் இறங்கிப் பூவரச மரத்தடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தேன். புள்ளிக்கு இப்போது கூரை தெரிந்தது.

யோகன் என்னைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். பிறகு திரும்பவும் என்னைப் பார்த்தான். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு. பெல் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ராசம்மா யன்னலால் தலையை நீட்டினாள். “எட யோகன்! மேலை என்ரை கருவாட்டுச் சாக்குக் கயிறு தளந்து கிடக்கு. ஏறிக் கட்டிவிடு!”

“நான் தானே அக்கா இறுக்கிக் கட்டினனான்.”

“நீ கட்டினபடியால்தானே சொல்லுறன்!”

பஸ் சிரித்தது. யோகன் ஏணியால் கூரைக்கு ஏறினான். ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்கு மனிதன் இவ்வளவு நேரம் எடுப்பானா? எடுத்தான்.

செல்லத்துரை கண்ணாடிக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏச்சு வரப்போகிறது என்று நான் மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். அவர் எஞ்சினை நிற்பாட்டினார்.

“எஞ்சின் சூடாக் கிடக்கு. தண்ணி விட்டிட்டு எடுப்பம்.”

வெகுநேரம் சும்மா நின்ற பஸ் எப்படிச் சூடாகும்? ஒருவரும் கேட்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு, கிட்ட இருந்த தண்ணீர்ப் பீப்பாவை விட்டுவிட்டுத் தூரத்துக் கிணற்றடிக்கு நடந்தார்.

மிச்சம் மாஸ்ரர் ஒருவர்தான். மணிக்கூட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எழும்பினார். வெடிக்கப் போகிறார் என்று எல்லாரும் பார்த்திருக்க, மிகவும் கடுமையான குரலில் சொன்னார்:

“என்ரை மணிக்கூடு முந்தி ஓடுது போலை கிடக்கு. தேத்தண்ணிக் கடை மணிக்கூட்டோடை ஒருக்கா ஒப்பிட்டுப் பாத்திட்டு வாறன்.”

அந்தக் கடையில் மணிக்கூடே கிடையாது.

லோஞ்சு வந்து முட்டியது. கயிறு கட்ட முன்னமே ஒரு சின்ன உருவம் விளிம்பில் ஏறி நின்றது. “பொறணை அக்கா, விழப்போறாய்!” என்று படகுக்காரர் கத்தினார். சேலை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பொடியன் இரண்டு கைகளாலும் தாயைத் தூக்கித்தான் இறக்கினான்.

“ரண்டு நாளும் விடிய முதல் எங்கடை நெடுந்தீவுத் துறைப் பாலத்தடிக்கு வந்து நிண்டவ தம்பி. லோஞ்சு இல்லை எண்டாலும் போகமாட்டன் எண்டு நிண்டவ,” என்றார் படகுக்காரர்.

கட்டிப் பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். தாய் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“சாப்பிட்டியோ?”

“ஓம் அம்மா.”

“சப்பாத்து கடிக்குதோ?”

“இல்லை அம்மா.”

அவ்வளவுதான். நான் மூன்றாவது தரமும் ஏறினேன். இந்த முறை வேகமாக. நானும் ராசம்மாவும் இருந்த ஸீற்றை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் பின்னால் போனோம். யோகன், “ஆச்சி இருந்திட்டாவோ?” என்று கேட்க, செல்லத்துரை முன்னாலிருந்து, “இனியும் இறங்கினா எண்டால் விட்டிட்டுத்தான் போவன்!” என்றார். பஸ் புறப்பட்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன், அவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்க எங்கள் எல்லாருக்கும் ஆசைதான். பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. தாய் ஏதோ குளிரைப் பற்றிக் கேட்டார். கம்பளி உடுப்பு வாங்கினாயா என்றார். அவன் தலையை ஆட்டினான். பிறகு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன்.

மடத்துவெளி வர முன்னமே, மகனுடைய தோளில் தலையைப் போட்டு, அந்தத் தாய் நித்திரையாகிவிட்டார். இரண்டு நாள் காற்றில் நின்ற உடம்பு. மகனைக் கண்டதும் விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! யோகன் பெல் அடிப்பதை விட்டுவிட்டு, முன்னால் போய் றைவரின் தோளைத் தட்டித் தட்டிப் பஸ்ஸை நிற்பாட்டினான். ராசம்மா வாழ்க்கையிலேயே முதல்தரம் மெல்லக் கதைத்தாள். பின் ஸீற்றில் யாரோ தும்ம, மாஸ்ரர் திரும்பிப் பார்த்த பார்வையில் மற்றத் தும்மல் வராமலே போய்விட்டது. பொடியன் தோளை அசைக்காமல் சிலை மாதிரி இருந்தான்.

வங்களாவடியில் இறங்கும்போது மனம் நிறைந்திருந்தது. பெரிய புண்ணியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு. செய்தோம்தானே?

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போக, அதே பஸ் வந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் வெளிச்சத்தோடு பண்ணையைத் தாண்டியது எனக்கு முன்னமே தெரியும். மற்றதைக் கேட்க வாய் வரவில்லை. யோகனே வந்தான்.

“ஆச்சி, உங்களுக்கும் சேத்து ஏச்சு விழுந்தது!”

“எனக்கோ? ஆர் ஏசினது?”

“அந்த அம்மாதான். பட்டணத்திலை பஸ் நிண்டாப் பிறகுதான் கண் முழிச்சவ. சுத்திவரப் பாத்திட்டு, ‘ஐயோ, வந்திட்டமோ? ஏன் ஒருத்தரும் எழுப்பேல்லை? பிள்ளையோடை கதைக்கிறதுக்கு எவ்வளவு யோசிச்சுக்கொண்டு வந்தனான்... எல்லாரும் சேந்து என்னை நித்திரையாக்கிப் போட்டியளே!’ எண்டு பஸ் முழுக்க ஏச்சு. மாஸ்ரர் குடையையும் விட்டிட்டு இறங்கி ஓடிட்டார்.”

உண்மைதானே? அது அந்தத் தாயின் நேரம். எழுப்பலாமா என்று அவரைக் கேட்க ஏலாது, சரி. எங்களுக்குள் ஒருவரையொருவராவது கேட்டோமா?

“பொடியன் என்ன சொன்னவன்?”

“அவன் சிரிச்சவன் ஆச்சி. ‘நீங்கள் முழிச்சிருந்தால் அழுதிருப்பியள் அம்மா. நான் மற்றப் பக்கம் திரும்பியிருப்பன். இப்ப உங்கடை முகத்தை வடிவாப் பாத்துக்கொண்டு வந்தனான்’ எண்டான்.”

“அதுக்கு அவ?”

யோகன் டிக்கற் மெசினைத் துடைத்தான். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

“‘அப்ப இண்டைக்கு ராத்திரி நீ படு. நான் பாக்கிறன்’ எண்டு சொல்லிப்போட்டு, அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இறங்கினவ.”

ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டிய மனுசி... பஸ்ஸிலாவது கொஞ்சம் கண்ணயர்ந்தது நல்லதுதானே?