ஹேண்டில் வேண்டாம்

எங்கள் இஞ்சினுக்குச் சாவி உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் வரிச்சிக்குடிப் பக்கம் வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு ஏற்றுகிற டீசல் இஞ்சின்களை எல்லாம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றித்தான் கிளப்புவார்கள். நாங்கள் பழையதாக வாங்கிய சின்ன இஞ்சினில் மட்டும் பக்கவாட்டில் ஒரு டைனமோ இருந்தது. சாவியைத் திருப்பினால் அது பேட்டரி பலத்தில் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும். இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். வீட்டுக்காரருக்குப் புதுச்சேரியில் ஆபீஸ் வேலை, சனிக்கிழமைதான் வருவார். வயலைப் பார்த்துக்கொண்டவள் நான். சாவி என் முந்தானை முடிச்சில் இருந்தது.

ஒரு மார்கழியில் டைனமோ ஊளையிட ஆரம்பித்தது. சில நாளில் சாவியைத் திருப்பினால் முனகுவதோடு சரி. பெல்ட்டைக் கழற்றி அதன் அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

பக்கத்து வயல் என் கொழுந்தனாருடையது. அவரும் எங்கள் இஞ்சினைத்தான் வாங்கி ஓட்டுவார். "பேரிங் போச்சு அண்ணி. அதத் தூக்கிக் கடாசுங்க. ஹேண்டில் போட்டுக்கலாம். எப்ப தண்ணி வேணும்னு சொல்லி அனுப்புங்க, நான் வந்து சுத்தி வுடுறேன்" என்றார். இஞ்சினோடு வந்த ஹேண்டிலைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

நாங்கள் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு முறை வைத்துத்தான் எங்களிடம் வரும், வந்த வேகத்தில் வடிந்தும் போகும். அந்த முறைக்குச் சொல்லி அனுப்பினேன். கொழுந்தனார் வந்தார், சுற்றினார், முதலில் தன் வயலுக்கு மடையைத் திறந்தார். என் பக்கம் குழாயைத் திருப்பியபோது வாய்க்காலில் சேறுதான் மிச்சம். மேட்டுப் பாத்தி வெடித்துக் கிடந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். அடுத்த முறையும் இப்படிப் போனால் அறுக்க வைக்கோல்தான் இருக்கும்.

ஹேண்டிலை அவரிடம் கேட்டு வாங்கி நானே சுற்றியும் பார்த்தேன். முடியவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டை முறிக்கிற சாமான் அது. சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தம்பிதானே, வுடேன்" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. யார் தம்பியாக இருந்தால் என்ன, காய்ந்தது என் வயல்.

திங்கட்கிழமை காலையில் பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு டைனமோவை இறக்கினேன். தையல் மிஷினைப் பிரித்து மாட்டியவளுக்கு இது என்ன பெரிய வித்தை? மூடி எப்படிப் பொருந்தியிருந்தது என்று தெரிய ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டேன். நீள போல்ட் இரண்டையும் கழற்றி, கார்பன் பிரஷ் என்கிற கரித்துண்டுகளைத் தூக்கிவிட்டு, உள்ளே இருந்த செப்புக்கம்பி சுற்றிய உருளையை உருவினேன். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பேரிங். உருளையைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு காரைக்கால் பஸ்ஸில் ஏறினேன். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். நானும் மறுக்காமல் உட்கார்ந்தேன்.

லேத் பட்டறைக்காரர் துணியை விலக்கிப் பார்த்தார். "வச்சிட்டுப் போங்கம்மா. ஒரு வாரம் ஆவும். வாங்கிட்டுப் போவ ஆம்பளை யாரையாச்சும் அனுப்புங்க."

"ஆம்பளைங்கள நம்பித்தாங்க வயலு காயுது. இப்பவே கழட்டிக் குடுங்க, நான் இங்கதான் நிப்பேன்."

நின்றேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்தான், பார்க்கட்டும். கடைசியில் என்னை அனுப்பினால் போதும் என்று புல்லர் என்ற இழுவைக் கருவியைப் போட்டு இரண்டு பேரிங்கையும் இழுத்துக் கொடுத்தார். பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருந்த நம்பரைக் கடையில் காட்டி அதே நம்பரில் புதிது வாங்கிக்கொண்டு, உருளையை எடுக்கப் பட்டறைக்குத் திரும்பினேன். "உள் வளையத்துல தட்டி ஏத்தணும். வெளி வளையத்துல அடிச்சீங்க, புதுசும் போயிடும்" என்று எச்சரித்தபடியே ஒரு துண்டுக் குழாயையும் கொடுத்தார் பட்டறைக்காரர். அதற்கு மட்டும் அவருக்கு நன்றி.

வீட்டுக்கு வந்து அந்தக் குழாயை உள் வளையத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி ஏற்றினேன். கீறிய கோட்டுக்குக் கோடு சேர்த்து மூடினேன். விரலால் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுழன்றது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான்.

டைனமோவைத் திரும்ப இஞ்சினில் ஏற்றி, பெல்ட்டையும் பேட்டரி ஒயரையும் மாட்டி வைத்தேன். அடுத்த முறைத் தண்ணீர் விடிகாலையில் வந்தது. நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. தண்ணீர் வந்த செய்தி கேட்டு, கொழுந்தனார் தாமாகவே ஹேண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்தார். அவர் பார்க்க, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் கிளம்பியது. என் வயல் மடை ஏற்கெனவே திறந்திருந்தது.

அவர் வரப்பிலிருந்து இறங்கி வந்து டைனமோவை எட்டிப் பார்த்தார்.

"ஹேண்டில இஞ்சின் கொட்டாயில வச்சிடுங்க தம்பி, அது இஞ்சினோட சாமான்" என்றேன். "ஒங்க வயலுக்கு எப்ப தண்ணி வேணும்னு சொல்லி அனுப்புங்க. நான் வந்து கிளப்பி வுடுறேன்."

வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே சொல்லியும் அனுப்பினார். போனேன், என் மேட்டுப் பாத்தி நிறைந்த பிறகு.