உட்காராத பெண்

கேரளத்து மலையிலுள்ள வண்டிப்பெரியாரிலிருந்து நான் பள்ளிக்குப் போகும் காலைப் பேருந்தில் அந்தப் பெண்ணை அடிக்கடி பார்ப்பேன். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் பின்வாசலருகே நின்றுகொண்டேதான் வருவார். யாருடனும் பேசமாட்டார்.

ஒருநாள் பக்கத்தில் போய், "உக்காருங்கக்கா" என்றேன்.

"வேணாம் டீச்சர். சீட்டு நனைஞ்சிரும்" என்றார் மெதுவாக.

பிறகு அவராகவே சொன்னார். "ஆஸ்பத்திரியில மகளப் பெத்தப்ப வலி தாங்காமக் கத்துனேன். நர்சுங்க தொடையில அடிச்சாங்க. ரெண்டு பேரு வயித்தப் போட்டு அமுக்குனாங்க. அன்னையில இருந்து மூத்திரம் நிக்க மாட்டேங்குது. வாட அடிக்குமேன்னு ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போறதில்ல."

"டாக்டர்கிட்ட காட்டலாமேக்கா. இதச் சரி பண்ணிரலாம்."

"அந்தப் பிரசவ மேசையில மறுபடி ஏறிப் படுக்கச் சொல்றீகளா?"

இப்போது மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், அங்கேதான் போவதாகவும் சொன்னார். ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் மலையாளம் தெரியும் டீச்சர். ஆனா 'எம் மகள அடிச்சிராதீங்க'ன்னு, அவங்களுக்குக் கோவம் வராத மாதிரி எப்பிடிச் சொல்லணும்?"

பல வருடங்களாக மலையாளம் கற்பிப்பவள் நான். எனக்குத் தெரிந்த மிக மரியாதையான சொற்களைச் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். அதைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்த வாக்கியம் அவருக்குத் தேவைப்பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.