எட்டு டிகிரியில் இல்லாத பிறை

மூன்றாம் பிறையைப் பார்த்த கண், அடுத்து வேண்டியவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. இர்விங்கில் நானும் ஆறு வயது மகளும். ஆயிரம் மைலுக்கு மேல் கிழக்கே, ஜெர்சி சிட்டியில் கணவர். மூன்று மாத கான்ட்ராக்ட் என்று போனார், அது அனுமார் வாலாக நீண்டுகொண்டே போகிறது. ஆகவே அவர் முகம் போனில்தான். மகளோ, போன முறை அவர் வந்து திரும்பியதிலிருந்து அவரோடு பேசுவதே இல்லை. கெஞ்சினேன், அதட்டினேன். ம்ஹூம். அப்பா-மகள் பேச்சு இப்படியே விட்டுப்போய்விடுமோ என்று பயந்தேன்.

மூன்றாம் பிறையன்று அந்தி நேரம், பால்கனியில் நின்றோம். வெளிச்சம் போக மனமில்லாமல் தயங்கிக்கொண்டிருந்தது. போனில் அவர் ஒரே உற்சாகம்.

"குட்டி, ஆப்ல பார்த்துட்டேன்! மேற்கே எட்டு டிகிரி உயரம். கையை நீட்டி, முஷ்டியை ஹொரைசன் மேல வை. அதுக்குள்ளயே மூன் இருக்கும்."

எதிர் வீட்டுக் கூரைமேல் முஷ்டியை வைத்தாள். ஒன்றுமில்லை. பிறை அதற்கு வெகு மேலே, மூன்று முஷ்டி உயரத்தில் மிதந்தது.

"அப்பா இஸ் லையிங்," என்றாள் என்னிடம்.

"ஏங்க, அது உங்க ஊர்க் கணக்குங்க! அதை எங்க தலையில கட்டுனா எப்படி?" என்று பாய்ந்தேன்.

அசடு வழியச் சிரித்தார். "ஸாரிடா. உயரத்தை அவங்கவங்க நிக்கிற தரையிலேர்ந்து அளக்கறோம். பூமி உருண்டை இல்லையா, உன் தரை வேற சாய்வு, என் தரை வேற சாய்வு. ஆனா பூமத்திய ரேகைத் தளத்தை வானம் வரைக்கும் விரிச்சு, அதிலேர்ந்து அளந்தா ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான்."

கண்ணுக்குத் தெரியாத அந்தத் தளம் நட்சத்திரங்களுக்கிடையே சத்தமில்லாமல் விரிந்துகொண்டே போவதாக எனக்குத் தோன்றியது. அதில் சுவரில்லை, ஊரில்லை, கான்ட்ராக்ட் இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் சாம்பார் இருந்ததுகூட மறந்துபோனது.

"இப்ப உனக்குத் தெரியுதா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள் மகள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு!

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இல்லடா. பில்டிங் பின்னால போயிடுச்சு."

"இட்ஸ் ஓகே, அப்பா. இட்ஸ் ஸ்டில் அப் ஹியர்," என்றாள். "சீக்கிரம் வா."

அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டார். திரையில் வெறும் கூரை தெரிந்தது. அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.