லப்டொப்புக்கு லைஃப் ஜக்கெற் போட்ட மனிதர்

மரியதாஸ் அண்ணை போய்விட்டார்... நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம்.

குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போட்டில் போனவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். நீலத் தொப்பி, ஓயாத வாய், இறங்குதுறையில் நின்று எங்கள் பைகளைக் கைக்குக் கை வாங்கிப் போட்டில் அடுக்குகிறவர்.

நான் நயினாதீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வீடு இறுப்பிட்டியில். போகவும் வரவும் ஒவ்வொரு நாளும் அவருடைய போட்தான்.

என் முதுகுக் கதை நண்பர்களுக்குத் தெரியும். டிஸ்க் விலகியிருக்கிறது, பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பழைய லப்டொப்போ செங்கல் மாதிரி.

அதைச் சுமந்துகொண்டு பஸ், போட், பிறகு பள்ளிக்கூடம் வரை நடை... முடியவில்லை. இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். கொடுக்கத்தான் மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவது?

அப்போதுதான் கனடாவில் இருக்கிற தம்பி இந்த மெல்லிய லப்டொப்பை அனுப்பினான். ஒரு கிலோகூட இல்லை. “அக்கா, உடைச்சுப் போடாதேங்கோ. இன்னொண்டு வாங்க என்னால ஏலாது” என்று முதலே சொல்லிவிட்டான்.

முதல் நாளே மரியதாஸ் அண்ணை அதன் மேல் இருந்துவிட்டார்.

கோயில் திருவிழாக் காலம். வாழைக்குலை, பூக்கூடை, அரிசி மூட்டை எல்லாம் கைமாறிக் கைமாறிப் போட்டுக்குள் வந்தன, லப்டொப் வைத்த என் பாக்கும் வந்தது. ஏதோ பழைய பைல் என்று நினைத்து, வெயிலில் சுட்ட பலகையில் அதைப் போட்டு மேலே சௌகரியமாக இருந்திருக்கிறார்!

“ஐயோ அண்ணை, எழும்புங்கோ! என்ர லப்டொப்!”

“எங்க ரீச்சர்?”

“உங்களுக்குக் கீழ!”

பாக்கைப் பறித்துத் திறந்தேன். ஸ்கிரீன் வந்தது, எனக்கும் உயிர் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். “உதுவோ லப்டொப்? அப்பளம் மாதிரியெல்லோ கிடக்கு! நானென்ன தெரிஞ்சே இருந்தனான்?”

அன்றோடு அதற்குப் பெயர் அப்பளம். கோயிலுக்குப் போகிற ஐயர்கூட “ரீச்சர், அப்பளம் சுகமோ?” என்று கேட்பார்.

அன்றோடு அதற்கு ஒரு இடமும் கிடைத்தது. சுக்கான் பிடிக்கிற ஜெயம் அண்ணையின் தலைக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. கோதுமை மா மூட்டைக்கு உள்ளே வருகிற தடித்த பொலித்தீனில் சுற்றி, மரியதாஸ் அண்ணை தன் கையால் அங்கே வைப்பார். அக்கரையில் திருப்பித் தரும்போது ஒவ்வொரு நாளும் ஒரே வசனம்தான்.

“இந்தாங்கோ ரீச்சர், அப்பளம் நனையேல்லை.”

கடலில் அவர் பார்த்தார், கரையில் நான் பார்த்தேன். உப்புக் காற்று சும்மா விடாது. பள்ளிக்கூடம் போனதும் கண்ணாடி துடைக்கிற துணியால் ஒரு துடைப்பு, வயர் செருகுகிற ஓட்டைகளுக்குக் காய்ந்த பிரஷ்.

ஒருநாள், “உந்த மூடித் திறக்கிற பிணைச்சலுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவமோ? கறள் பிடிக்காது” என்றார். வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை மனிதர்!

பிறகு சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள்... கடல் நல்ல கொந்தளிப்பு. பார்த்தால் தன் லைஃப் ஜக்கெற்றைக் கழற்றி அப்பளத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ. அதை நீங்கள் போடுங்கோ.”

“எனக்கு நீந்த ஏலும் ரீச்சர். அப்பளத்துக்கு ஏலுமோ?”

போட் முழுக்கச் சிரிப்பு. நான் விடவில்லை, ஏசிப் போட வைத்தேன். போட்டார்தான்... ஆனால் அப்பளத்தை நெஞ்சோடு வைத்து, அதற்கு மேலே ஜக்கெற்றைப் பூட்டிக்கொண்டார்.

அக்கரையில் ஆள் தலையில் இருந்து கால் வரை தெப்பம். பலகை கட்டியவர் போல விறைப்பாக நின்றபடி பொலித்தீனைப் பிரித்து அதே வசனத்தைச் சொன்னார்.

அந்தக் கிழமை இடமாற்றக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இதை அவரிடம் சொன்னதில்லை... சொல்லியிருக்கலாம்.

போன வருடம் பிரான்சில் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அவரிடம் இருந்தது பட்டன் போன். “ரீச்சர், உந்த அப்பளத்தில பிள்ளையைப் பாக்கலாமோ?” என்று கூச்சத்தோடு கேட்டார்.

அன்று பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது இறங்குதுறையில் வைத்தே வீடியோ கோல் எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை, தார்ப்பாயை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. “மூக்கு எங்கட பக்கம்... மூக்கு எங்கட பக்கம்தான்!”

வெளியே வந்தபோது ஸ்கிரீனில் டீசல் விரல் அடையாளம். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டிருக்கிறார்.

“ஊத்தையாக்கிப் போட்டன் ரீச்சர், அந்தத் துணியைத் தாங்கோ.” நான் கொடுக்கவில்லை. மறுநாள் முதல் பாடம் முடிந்த பிறகுதான் துடைத்தேன்.

இன்று காலை போட்டில் கறுப்புக் கொடி. பாக்கை மடியிலேயே வைத்திருப்போம் என்று இருந்தேன். ஜெயம் அண்ணை திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார். “அப்பளத்தைத் தாங்கோ ரீச்சர்.”

வாங்கிப் பொலித்தீனில் சுற்றி அதே தட்டில் வைத்தார். அக்கரையில் எடுத்துத் தந்தார். அந்த வசனத்தை அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்குச் சோதனை, அதனால்தான் வந்தேன். இடைவேளையில் இதை அப்பளத்தில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னேரம் அடக்கம், பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே போகிறேன்.

போயிட்டு வாங்கோ மரியதாஸ் அண்ணை...

அப்பளம் நனையேல்லை.