நிமிஷம் சார் கொடுத்த முதல் நைட் ஹால்ட்

பஸ் டிப்போவின் மாடியில், டயர் நாற்றம் ஏறிவருகிற ஜன்னலோரம், முப்பத்தொரு வருஷமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து பஸ்களுக்கு நேரம் குறிப்பவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிமிஷம் சார் என்பார்கள். எதிரில் நிற்கும்போது சார் உண்டு. படியிறங்கிவிட்டால் வெறும் நிமிஷம். எந்த பஸ் எப்போது கிளம்பி, எங்கே எவ்வளவு நேரம் நின்று, எப்போது ஷெட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று பெரிய தாளில் கட்டம் கட்டி எழுதுவது அவர் வேலை. டீ குடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் வேண்டும் என்று டிரைவர்கள் கேட்டபோது, ஆறவைத்துக் குடித்தால் ஒரே மடக்கு, அரை நிமிஷம் போதும் என்று பதில் எழுதி அனுப்பியவர். இப்படிப்பட்டவரோடு ஒருத்தி முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்றால் அவளுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

அவள் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவள். நீள மேஜையில் வரிசையாக வைத்த இருநூறு கோப்பைகளிலும் கரண்டியால் மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, கூடவே உருண்டு வரும் சக்கரத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அந்த நாக்கைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் காலை நேரத்தில் வெங்காயம் நறுக்கக் கூடாது, வாசனை சோப்புக் கூடாது. நிமிஷம் இருமல் மருந்தைக்கூட வாசலுக்குப் போய்த்தான் குடிப்பார். இதில் அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

ஒயின் தயாரிக்கிற ஊர்களிலும் இதே மாதிரி உறிஞ்சித் துப்புகிறார்கள் என்று அவள் எதிலோ பார்த்துவிட்டாள். வீட்டில் யாரும் அதுவரை ஒயினை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஆசை பிடித்துக்கொண்டது. இருபத்தேழு வருஷம் துப்பியிருக்கிறேன், அங்கே அதற்கு மெல்லிசான கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்து மரியாதை செய்கிறார்களாம், என் நாக்கு அதிலும் தேறுமா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். அப்புறம் அந்தத் தோட்டத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, யாரும் எழுப்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இதற்குள் அவளுடைய அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஐரோப்பாவுக்குக் கிளம்பும் ஒரு பெண்கள் குழுவில் அக்கா சேர்ந்திருந்தாள். இன்னும் ஒரு இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள், உன் வீட்டுக்காரரோடு போனால் விசில் ஊதி ஏற்றி விசில் ஊதி இறக்குவார், நீ என்னோடு வந்துவிடு என்று போனில் சொல்லிவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னதால் நிமிஷத்துக்கும் கேட்டது.

"பத்து நாள்தான் லீவு," என்றாள் மனைவி. "ஊரும் பாக்கணும், தோட்டமும் பாக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள உருப்படியா ஒரு திட்டம் போடுங்க. இல்லேன்னா நான் அக்காவோட போயிடறேன்."

நிமிஷத்துக்குச் சுருக்கென்றது. அவள் வேலை விடியலில் ஆரம்பிக்கும், அவர் வேலை இருட்டிய பிறகு முடியும். முப்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து நாள் எங்கேயும் இருந்ததில்லை. அவளோடு போக வேண்டும் என்ற ஆசை அவருக்குத் தொண்டை வரை இருந்தது. அவளில்லாத வீட்டில் பத்து நாள் இருப்பதை நினைத்தால் பயமாகவும் இருந்தது. இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவருக்குத் தெரிந்ததோ கட்டம் கட்டுவது மட்டும்தான்.

முதல் தாளில் ஐந்து நாடுகள் இருந்தன. இதில் ஏறுகிறோம், இறங்குகிறோம், எங்கே பார்க்கிறோம் என்று அவள் கேட்டதும் அதைச் சுருட்டி வைத்தார். ஒரே நாடு, போர்ச்சுகல் என்று முடிவாயிற்று. தலைநகரம் லிஸ்பன், வடக்கே போர்ட்டோ, அங்கிருந்து ரயில் ஏறினால் டூரோ ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள். ரயில் நேரங்களையெல்லாம் தலைகீழாய்ப் படித்து, புதன்கிழமை இரண்டாவது தாளை அவள் முன்னால் விரித்தார். இதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்கிற தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள்.

"லிஸ்பன்லேருந்து போர்ட்டோ மூணு மணி நேரம். அங்கேருந்து தோட்டம் ரெண்டரை மணி. சரி. சாயங்காலம் எதுக்குத் திரும்ப லிஸ்பன்?"

"ராத்திரிக்குத் திரும்பிடணும்ல."

"எங்க?"

"எங்கேருந்து கெளம்பினமோ, அங்க."

அவள் மறுபடியும் தாளைப் பார்த்தாள். எல்லா ராத்திரியும் லிஸ்பனில் ஒரே ஓட்டல், ஒரே அறை. தோட்டத்துக்குப் போகும் மூன்று நாளும் விடியலில் கிளம்பி, பதினோரு மணி நேரம் ரயிலில் கழித்து, ராத்திரி அதே கட்டிலுக்கு வந்து சேர வேண்டும். தோட்டத்தில் கிடைப்பது ஒரு மணி ஐம்பது நிமிஷம். அதில் ருசி பார்க்க இருபத்தைந்து. அந்த இருபத்தைந்து நிமிஷமும் தான் வாசலில் பையைக் காவல் காப்பதாகத் தன் பெயருக்கு எதிரே எழுதியிருந்தார். அவள் தாளை மடித்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை டிப்போவில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு முழித்தார். என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவர் கட்டங்களைப் படிப்பதில் டிரைவர்களை மிஞ்ச ஆளில்லை. அதனால் இருப்பவர்களில் மூத்த டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். டிரைவர் படித்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

"சார், வெளியூர்ல ராத்திரி தங்க எங்களத்தான் விடமாட்டீங்க. உங்களையே விடமாட்டீங்களா? அங்க ஓட்டல்காரன் கட்டில் போட்டு வெச்சிருப்பான் சார்."

நிமிஷத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கடைசி ஊரில் ராத்திரி தங்கிய பஸ் ஒன்று, டிரைவர் அசந்து தூங்கியதால் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பியது. அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர் இவர்தான். அன்றிலிருந்து எந்த பஸ்ஸுக்கும் நைட் ஹால்ட் கிடையாது. எவ்வளவு தூரம் போனாலும் ஷெட்டுக்கு வந்துதான் படுக்க வேண்டும். வருஷா வருஷம் வரும் மனுக்களைப் படிக்காமலே திருப்பி அனுப்பிக் கை பழகிவிட்டது. அதே கை தன் பெண்டாட்டியையும் ஷெட்டுக்குத் திருப்பிவிட்டிருக்கிறது.

ரப்பரை எடுத்து அழித்தார். லிஸ்பனில் மூன்று ராத்திரி, போர்ட்டோவில் இரண்டு, ஆற்றங்கரை ஊரில் மூன்று என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நைட் ஹால்ட் என்று போட்டார். சேதி படியிறங்கிப் போக எவ்வளவு நேரமாகும்? மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நைட் ஹால்ட் கேட்டு மேஜைமேல் மூன்று மனு கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாளை நீட்டினார். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தில் போன் இருந்தது. அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது.

ஹால்ட் என்று வந்த இடங்களிலெல்லாம் அவள் விரல் கொஞ்சம் நின்று போயிற்று. ஏழாம் நாளுக்கு வந்தாள். தோட்டத்தில் ருசி பார்ப்பது என்று இருந்தது, முடிகிற நேரம் போடவில்லை.

"பையை யாரு பாத்துப்பா?"

"பை ரூம்ல இருக்கும். நானும் உள்ள வரேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, உன் பக்கத்துல நிக்கறேன். எப்ப துப்பணும்னு மட்டும் சொல்லு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். எட்டாம் நாள் காலியாக இருந்தது.

"இது என்ன, மறந்துட்டீங்களா?"

"இல்ல. அது ஸ்பேர் பஸ் மாதிரி. எங்கயாவது ரயில் கியில் தவறிடுச்சுன்னா எடுத்துக்கலாம்."

"ஒண்ணும் தவறலேன்னா?"

நிமிஷம் யோசித்தார். பிரேக்டவுன் இல்லாத நாளில் ஸ்பேர் பஸ் என்ன செய்கிறது என்று அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"சும்மா நிக்கும்," என்றார். "மரத்தடியில."

"அப்ப நாமளும் சும்மா நிப்போம்," என்றாள் அவள்.

போன் மறுபடியும் அடித்தது. அவள் எடுத்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு அக்கா என்று சொல்லி வைத்தாள். நிமிஷத்துக்குக் கண் கலங்கிவிட்டது; அதை மறைக்கப் பென்சிலை எடுத்து, எட்டாம் நாள் கட்டத்தில் சும்மா என்று எழுதினார். பழக்க தோஷம், பக்கத்திலேயே காலை 6.40 முதல் என்றும் எழுதிவிட்டார். அவள் ரப்பரை வாங்கி நேரத்தை மட்டும் அழித்தாள்.