மாஸ்டரின் மூன்று ரிப்போர்ட்டுகள்

ஜிம்மில் என் தம்பியை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்பார்கள். நாலு வருஷம் தசை ஏற்றும் ஊசியைத் தனக்குத்தானே குத்திக்கொண்ட வீரன்! நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரத்தம் எடுக்க நான் ஊசியை எடுத்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “மெதுவாக்கா” என்பான்.

அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. டாக்டர் சொல்லிவிட்டார்: “வெளியிலருந்து ஹார்மோன் வந்துட்டே இருந்தா உடம்பு எதுக்கு மெனக்கெட்டுச் சுரக்கும்? ஊசிய நிறுத்துங்க. மாசக்கணக்குல ஆகும், பொறுமையா இருங்க.”

நிறுத்தினான். அதற்கப்புறம் அவன் பட்ட பாடு இருக்கிறதே! சட்டை தொளதொளத்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவான். துணி மடிக்கும்போது காரணமே இல்லாமல் கண் கலங்கும். முதல் ரிப்போர்ட்டில் ஹார்மோன் அளவு தரைமட்டம்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது ரிப்போர்ட். அளவு ஜம்மென்று ஏறியிருந்தது. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். எனக்கும் வாயெல்லாம் பல். பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். மூளையிலிருந்து ‘சுர’ என்று கட்டளையிடும் ஹார்மோன் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம். கட்டளையே போகாமல் சரக்கு எங்கிருந்து வந்தது?

அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“எப்படா போட்டே?”

“என்னதுக்கா?”

“இருபது வருஷமா இதே வேலை பாக்கறேன். என் காதுலயே பூ சுத்தறியா?”

தலை தொங்கிவிட்டது. “மொத ரிப்போர்ட்டுலருந்து நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே. அவளும் பேசறதில்ல. ஒரு நாளாச்சும் ரெண்டு பேரும் சிரிக்கட்டும்னு...”

அடப்பாவி! பரீட்சையில் காப்பியடிக்கிற மாதிரி சொந்த உடம்பில் காப்பியடித்திருக்கிறான். முதுகில் ஒன்று வைத்தேன். அடித்த கையோடு எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவனை அந்த ஊசியிடம் திரும்பத் துரத்தியது என் மூஞ்சிதானே?

“இனிமே நான் மூஞ்சியத் தூக்கமாட்டேன். நீ ஊசியத் தூக்காதே,” என்றேன்.

மனைவியிடம் அவனே போய்ச் சொன்னான். இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், மாடிப்படியில் அவன் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி முதலிலிருந்து காத்திருந்தோம். எட்டு மாதம். மூன்றாவது ரிப்போர்ட் வந்ததும், இரண்டு வரியையும் நாலு தடவை படித்துவிட்டு ஜிம்முக்குப் போன் போட்டேன்.

“எவ்வளவுக்கா?”

“போன தடவைல பாதிகூட இல்லடா.”

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன்.

“ஆனா கட்டளை போக ஆரம்பிச்சிருச்சு. இருக்கறது அத்தனையும் உன்னோடது.”

அவ்வளவு பெரிய உடம்பு விசும்புவது கேட்டது. யாரோ, “மாஸ்டர், என்னாச்சு?” என்று பதறினார்கள்.

“ஒண்ணுமில்லப்பா,” என்றான் அழுதுகொண்டே. “எங்கக்கா திட்டறா.”